தேவாங்கு பார்க்கப் போன ராத்திரி (பாதி வரலாறு, மீதி சொந்தக் கதை)

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு சனிக்கிழமை, கரண்ட்டும் இருக்கு, மனசும் இருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயத்தை எழுதிடறேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல சொந்தக் கதை சோகக் கதை. ஆறாவது படிக்கும்போது எனக்குக் கண்ணாடி போட்டாங்க. ப்ளஸ் பவர். சோடாபுட்டின்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி. போட்டுக்கிட்டா என் கண்ணு ரெண்டும் ரெண்டு மடங்கு பெருசாத் தெரியும். ஒல்லிக்குச்சி உடம்பு, குச்சிக் கை, நடுவுல முட்டைக் கண்ணு. கிளாஸ்ல ஒருத்தன் "டேய் தேவாங்கு"ன்னான். பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் அதுதான் என் பேரு. பெண்ணாடத்துல இன்னிக்கும் நாலு பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஹி ஹி.

இதுல என்ன விசேஷம்னா, கூப்பிட்ட பயலுக யாருமே தேவாங்கைப் பார்த்தது கிடையாது. நான் பார்த்திருக்கேன்.

கொசுவத்தி சுத்திக்குங்க. எனக்கு ஏழு வயசு இருக்கும். ராத்திரி தூக்கத்துல அலறி எழுந்திரிச்சிட்டு இருந்தேன். பயந்த கோளாறுன்னு ஆயா முடிவு பண்ணிட்டாங்க. சந்தையில ஒரு ஆளு சின்னக் கூண்டுக்குள்ள ஒரு தேவாங்கை வச்சுக்கிட்டு ஜோசியம் சொல்லிட்டு இருந்தார். அதோட முடியைக் கொஞ்சம் பிடுங்கி, செப்புக் குழாய்ல அடைச்சு, மெழுகு வச்சு மூடி, கறுப்புக் கயித்துல கோத்துக் குடுத்தார். அம்மா என் இடுப்புல கட்டிவிட்டாங்க. நல்ல உச்சி வெயில் நேரம். அந்த ஜந்து ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிட்டு சுருண்டு கிடந்தது. "பாரும்மா, அதுக்கு வெட்கம்"னு நான் சொன்னேனாம். அம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க.

அது வெட்கம் இல்லைங்கிறது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆச்சு.

எங்க ஊருக்கும் இந்த மாதிரி ராத்திரி மிருகங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்லை. வெள்ளாறு, கரும்பு, சர்க்கரை ஆலை, தூங்கானை மாடம் கோயில். (தூங்குற ஆனையோட முதுகு மாதிரி விமானம் இருக்கிறதால கோயிலுக்கு அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. தூங்குற ஆனை ஊருக்காரன் தூங்காத ஜந்து பத்தி எழுதறேன், என்னத்தச் சொல்ல.) ஆனா ராத்திரியில கண்ணு மின்னுறது எனக்கு சின்ன வயசுலயே பழக்கம். மூணு ஃபேஸ் கரண்ட் ராத்திரிதான் வரும்னு கரும்புக்குத் தண்ணி கட்ட அப்பா நடுஜாமத்துல கிளம்புவார். சில நாள் நானும் ஒட்டிக்கிட்டுப் போவேன். டார்ச் அடிச்சா வரப்பு ஓரத்துல பச்சையா ரெண்டு புள்ளி. நரியா இருக்கும், பூனையா இருக்கும். "கண்ணைப் பார்த்து ஆளைச் சொல்லணும்டா" என்பார் அப்பா.

சொல்லப் போற வரலாறு முழுக்க இந்த ரெண்டு புள்ளியில்தான் இருக்கு.

ராத்திரியில் திரியும் பல மிருகங்களுக்கு விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சம் விழித்திரையைக் கடந்து போனாலும், அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை விழித்திரை வழியாகவே வெளியே வரும். கிடைக்கிற கொஞ்சூண்டு வெளிச்சத்தை ரெண்டு தடவை பயன்படுத்துற கில்லாடித்தனம். அப்படி வெளியே வர்ற வெளிச்சத்தைத்தான் நாம மின்னுதுன்னு சொல்றோம். முக்கியமான சங்கதி: அது வந்த வழியே திரும்பிப் போகும். அதனால டார்ச்சை இடுப்புக்கிட்ட வச்சு அடிச்சா கண்ணு மின்னுறது பாதிதான் தெரியும். நெத்தியில, நம்ம கண்ணுக்குப் பக்கத்துல விளக்கு இருந்தாத்தான் பளிச்சுன்னு தெரியும். இங்கிலாந்துல பெர்சி ஷா என்பவர் 1934ல் ரோட்டுல பதிக்கிற மின்னும் கட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கு 'பூனைக்கண்'னே பேரு. நெடுஞ்சாலையில நம்ம ஹெட்லைட்டுக்கு மின்னுற கட்டையெல்லாம் அதோட வாரிசுதான்.

இந்த சூட்சுமத்தை முதல்ல கண்டுபிடிச்சது விஞ்ஞானி இல்லை, வேட்டைக்காரன். டேவிட் மிசெல் கையடக்க பேட்டரி டார்ச்சுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினது 1899ல். அதுக்கு முன்னாடியே பந்தம் வேட்டைக்குப் போனதுதான். சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆள்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன், துப்பாக்கிக் குழலிலேயே டார்ச்சை மாட்டிக்கொண்டு மரத்து மேல உட்கார்ந்திருப்பார். நம்ம கிராமங்கள்ல நெத்தியில பேட்டரி லைட் கட்டிக்கிட்டு முயல் வேட்டைக்குப் போறவங்க இப்பவும் உண்டு. கண்ணு கூசி மிருகம் அப்படியே நின்னுடும். அவ்வளவுதான், முடிஞ்சுது ஜோலி.

இன்னிக்கு காசு கட்டிப் போற 'ராத்திரி நடை' எல்லாமே இந்த வேட்டையோட பேரப்பிள்ளைன்னுதான் நான் நினைக்கிறேன். துப்பாக்கிக்குப் பதிலா கேமரா. விளக்கு அதே விளக்கு.

சரி, தேவாங்குக்கு வருவோம். லின்னேயஸ் 1758ல் இலங்கைத் தேவாங்குக்கு லெமூர் டார்டிகிரேடஸ் என்று பேர் வச்சார். லெமூர் என்றால் ரோமானியர்களுடைய செத்தவங்க ஆவி. டார்டிகிரேடஸ் என்றால் மெதுவா நடக்கிறது. மெதுவா நடக்கிற பேய்! 'லோரிஸ்' என்ற பேரோ கோமாளின்னு அர்த்தம் வர்ற டச்சு வார்த்தையிலிருந்து வந்தது என்கிறார்கள். நம்ம பக்கத்துத் தேவாங்குக்கு லோரிஸ் லிடெக்கேரியானஸ்னு தனிப் பேர் கிடைச்சது 1908ல். பேய், கோமாளி, தமிழ்ல வசவு. ஒரு ஜந்துக்கு எத்தனை அவமானம் பாருங்க. கன்னடத்துல மட்டும் 'காடு பாபா', அதாவது காட்டுக் குழந்தை. சிங்களத்தில் உணஹபுளுவா. தேவாங்குக்கும் தன் குட்டி மாணிக்கம்னு அங்கே ஒரு பழமொழி உண்டு. நம்ம காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான்.

பேர் வச்சு இருநூறு வருஷம் கழிச்சும் அது காட்டுல எப்படி வாழுதுன்னு சரியாத் தெரியாது. பகல்ல பந்து மாதிரி சுருண்டு புதருக்குள்ள தூங்கும். கால் கிலோ எடை. ராத்திரி சத்தம் போடாம கிளை கிளையா நகரும். அப்புறம் எப்படிப் பார்க்கிறது? மியூசியத்துல பஞ்சு அடைச்ச உடம்பையும், கூண்டுல கண்ணை மூடிக் கிடக்கிறதையும் பார்த்து எழுதினதுதான் பல காலம் 'அறிவு'. தனியா வாழும், மந்தமானதுன்னு எழுதி வச்சுட்டாங்க. 1970ல் பெத்தேர், ஹிலாடிக் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் இலங்கைக் காட்டில் பார்த்ததை வச்சு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுக்கப்புறமும் ரொம்ப நாள் பெரிய சத்தமில்லை.

திருப்பம் வந்தது எங்கேன்னா, நம்ம திண்டுக்கல்ல. எனக்கு இதைப் படிச்சப்போ தூக்கி வாரிப் போட்டது. காரணம், அய்யலூர். நீங்க பெண்ணாடம் வழியா கார்டு லைன்ல மதுரை போற ரயில்ல போயிருந்தா, விருத்தாசலம், பெண்ணாடம், அரியலூர், திருச்சி, மணப்பாறை தாண்டினதும் வர்ற சின்ன ஸ்டேஷன். எத்தனை தடவை அதைத் தூங்கிக்கிட்டே கடந்திருக்கேன்! 1997-98ல் அன்னா நெகாரிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அய்யலூர்ப் பக்கத்து முள்காட்டுல தங்கி, மாசக்கணக்கா ராத்திரி ராத்திரியா தேவாங்கு பின்னாடியே நடந்தார். அதே காலகட்டத்துல மைசூர் பல்கலைக்கழகத்து மேவா சிங்கும் சிந்து ராதாகிருஷ்ணாவும் திண்டுக்கல் பக்கத்துக் காடுகள்லயே வேலை செஞ்சாங்க. இன்னும் தெற்கே களக்காடு முண்டந்துறையில் காபேரி கர் குப்தா. நாலஞ்சு வருஷத்துல இருநூறு வருஷக் கதை மாறிப் போச்சு.

என்ன தெரிஞ்சுதுன்னா, அது தனிமை விரும்பி கிடையாது. பகல்ல குடும்பமா கட்டிப் பிடிச்சுத் தூங்குது. ஒண்ணுக்கொண்ணு விசில் அடிச்சுக்குது. விளையாடுது. சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான், அதிலயும் எறும்பும் கரையானும் நிறைய. தாய் குட்டியை ஒரு கிளையில 'பார்க்' பண்ணிட்டு இரை தேடப் போகும், ராத்திரி முடியறதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகும். மந்தமும் இல்லை, அவசரம்னா சரசரன்னு ஓடிடும்.

இதெல்லாம் தெரியக் காரணம் பெரிய கருவி எதுவும் இல்லை. நெத்தி விளக்குல ஒரு சிவப்புத் தடுப்பு, அவ்வளவுதான். தேவாங்கோட கண்ணு மங்கின வெளிச்சத்துக்குன்னே ஆனது. சிவப்பு அதுக்கு சரியாத் தெரியாது. வெள்ளை விளக்கை அடிச்சா மூஞ்சியைத் திருப்பிக்கும், உறைஞ்சு போகும். சிவப்பு விளக்குல அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கும். வேட்டைக்காரன் விளக்குக்கும் பார்க்கிறவன் விளக்குக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு துண்டு சிவப்புக் காகிதம்தான்.

மழைக்காட்டுக் கதை இன்னும் சுவாரசியம். அங்கே கண்ணு மின்னுறது கூடக் கஷ்டம், அவ்வளவு இலை. காதைத்தான் நம்பணும். இலங்கையில தீபால் வாரகாகொட என்பவர் பறவைக் குரல்களைப் பதிவு பண்றவர். 1995ல் கித்துல்கலை மழைக்காட்டுல ராத்திரி ஒரு ஆந்தைக் குரல் கேட்டார். தெரிஞ்ச எந்த ஆந்தைக்கும் பொருந்தலை. ஆறு வருஷம் குரலைப் பிடிச்சுக்கிட்டே அலைஞ்சார். 2001 ஜனவரி 23ம் தேதி சிங்கராஜக் காட்டுல ஆளைப் பார்த்தார். 2004ல் புது இனம்னு முறையா அறிவிச்சாங்க. இலங்கையில் புதுப் பறவை கிடைச்சது 1868க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. பேர் வச்சது தீலோ ஹொஃப்மனைக் கௌரவிக்கிற விதமா. 1970கள்ல பிளைவுட்டுக்காக சிங்கராஜ மரங்களை வெட்டினப்போ நிறுத்தச் சொல்லிப் போராடினவர் அவர். அன்னிக்கு மொத்தமா வெட்டியிருந்தா அந்தக் குரலைக் கேட்கக் காடு இருந்திருக்குமான்னு யோசிச்சுக்குங்க.

அதே இலங்கையில ஹார்ட்டன் சமவெளித் தேவாங்குன்னு குளிர் மலையில வாழும் ஒரு வகை. 1939க்கு அப்புறம் யாரும் பார்க்கலை, அழிஞ்சே போச்சுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. 2002ல் ஒரு தடவை மின்னல் மாதிரி கண்ணுல பட்டது. விடாம ராத்திரி ராத்திரியாத் தேடி 2009ல் போட்டோவே எடுத்துட்டாங்க.

நம்ம பக்கத்து மழைக்காட்டுல, களக்காடு செங்கல்தேரியில் திவ்யா முடப்பா 1990கள் கடைசியில மரநாய் பத்தி ஆராய்ச்சி பண்ணினார். மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டுமே இருக்கிற பழுப்பு மரநாய். ராத்திரி முழுக்கப் பழம் தின்னு, கொட்டையை எச்சத்துல போட்டு, காட்டையே விதைக்கிற ஜீவன். இந்தக் காடுகள்ல ஆராய்ச்சிக்காரங்க கூட நடந்தவங்க காணி மக்கள். எந்த மரத்துல எது தூங்கும்னு தெரிஞ்சவங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல அவங்க பேர் பெரும்பாலும் கடைசிப் பக்க நன்றியிலதான் இருக்கும். வழிகாட்டினவன் பேர் முன்பக்கம் வரணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

டூரிஸ்ட் கதையைச் சட்டுனு முடிச்சிடறேன், எனக்கு அதுல அவ்வளவு ஆர்வம் இல்லை. கோஸ்டாரிகாவில மோன்டேவெர்டே, மலேசியாவில தமன் நெகாரா ரெண்டுலயும் வழிகாட்டியோட ராத்திரி நடை ரொம்பப் பிரபலம். சிங்கப்பூர்ல 1994ல் நைட் சஃபாரி திறந்தாங்க, ராத்திரிக்குன்னே கட்டின உலகத்தின் முதல் மிருகக்காட்சிசாலை. அதுக்கு யோசனை சொன்னவர்கள்ல முக்கியமானவர் தெஹிவளை மிருகக்காட்சிசாலையை நடத்தின லின் டி அல்விஸ். நம்ம சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலி முதலைப் பண்ணையில டார்ச் அடிச்சு முதலைக் கண்ணு பார்க்கிற ராத்திரி நடை உண்டு. குளம் முழுக்கத் தணல் கொட்டின மாதிரி இருக்கும், போய்ப் பாருங்க. கர்நாடகாவில் ஆகும்பேயில், ரோமுலஸ் விட்டேகர் 2005ல் ஆரம்பிச்ச மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்ல, மழைக்காலத்துல தவளை பார்க்க ராத்திரி நடக்கிறாங்க. தம்புள்ளைக்குப் பக்கத்துல சாம் போபம் என்ற வெள்ளைக்காரர் 1963ல் புதரை மட்டும் களைஞ்சு காட்டைத் தானா வளர விட்ட இடத்துல தேவாங்கு பார்க்கவே நடத்திக் கூட்டிட்டுப் போறாங்க.

பயமும் இருக்கு. கூட்டம் கூடக் கூட, சிவப்புக் காகிதத்தை எடுத்துட்டு "ஒரே ஒரு போட்டோ"ன்னு ஃப்ளாஷ் அடிக்கிறவன் வருவான். அப்போ அது மறுபடியும் வேட்டைதான்.

2022 அக்டோபர் 12ம் தேதி தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சது. தேவாங்குக்குன்னே இந்தியாவில முதல் சரணாலயம். அய்யலூரை ஒட்டின அதே முள்காடு. அந்த நியூஸை ஆபீஸ்ல படிச்சிட்டு ஸ்கூல் வாட்ஸப் குரூப்ல போட்டேன். "டேய், உனக்கு பட்டா குடுத்துட்டாங்கடா"ன்னு பதில் வந்தது. :-)

ராத்திரி யாரும் சும்மா அங்கே நுழைய முடியாது, கூடாது. ஆனா பெங்களூர்ல இருக்கிறவனுக்கு வேற வழி இருந்தது. ஊருக்கு நடுவுல பழைய மரங்கள் இருக்கிற வளாகங்கள்ல இன்னும் தேவாங்கு இருக்கு. களக்காட்டுல வேலை செஞ்ச அதே காபேரி கர் குப்தா, 2014ல் பெங்களூர் தேவாங்குகளைத் தேட ஒரு திட்டம் ஆரம்பிச்சு, சாதாரண ஜனங்களை ராத்திரி நடக்க வச்சார். அந்த வழியில வந்த ஒரு தன்னார்வலர் குழுவோட நானும் ஒரு ராத்திரி போனேன்.

எட்டு பேர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட நடக்கலை. பேசக் கூடாது, சென்ட் போடக் கூடாது. எல்லார் நெத்தியிலயும் சிவப்புக் காகிதம் ஒட்டின விளக்கு. முதல் ஒண்ணரை மணி நேரம் கொசு, ரெண்டு பூனை, ஒரு கூகை, தூரத்துல லாரி சத்தம். கூட வந்த ஒரு பொண்ணு "வீக்கெண்ட்ல இதுக்குத் தூங்கியிருக்கலாம்"னு முணுமுணுத்தது. எனக்கும் அதே நினைப்புதான். அப்போ முன்னாடி போன அண்ணன் கையைத் தூக்கினார். ஒரு புங்க மரம், கொடி படர்ந்த கிளை. ரெண்டு ஆரஞ்சுப் புள்ளி. பூனைக்கு இருக்கிறதைவிட நெருக்கமா, ஒண்ணுக்கொண்ணு ஒட்டினாப்ல. அணைஞ்சது, திரும்ப எரிஞ்சது.

கண்ணு பழகினதும் உருவம் தெரிஞ்சது. பென்சில் மாதிரி கை ஒண்ணு கிளையைப் பிடிச்சிருந்தது, இன்னொரு கை காத்துல மெதுவா எதையோ தேடிச்சு. டக்குனு மூடினது. பூச்சி. வாயில போட்டு மென்னுக்கிட்டே நேரா எங்களைப் பார்த்தது. முட்டைக் கண்ணு, முழுசாத் திறந்து. மூணு நிமிஷம் இருக்கும். அப்புறம் திரும்பி, கொடிக்குள்ள போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளேருந்து மெல்லிசா ஒரு விசில். இன்னொரு பக்கத்துலேருந்து பதில் விசில். அண்ணன் நோட்டுல மணி, இடம், உயரம் எழுதிக்கிட்டார். நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன், பனி.

ரூமுக்கு வரும்போது மணி பன்னெண்டரை. ஊர்ல அம்மா முழிச்சிருந்தாங்க, அப்பா தண்ணி கட்டப் போயிருந்தார். போன்ல சொன்னேன்.

"சந்தையில பார்த்தமே, அது மாதிரியே இருந்துச்சா?"

"அதேதாம்மா. ஆனா இது மூஞ்சியை மூடிக்கல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாங்க, "அந்தத் தாயத்து இன்னும் பீரோவுலதான் இருக்கு. என்ன பண்றது?"

"இருக்கட்டும்மா, தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கலாம்"னேன்.